பாம்புச் சட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

முழுச் சட்டை, கிழிந்த சட்டை

விருதுநகர்ச் சீமையில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் பாம்புச் சட்டையைப் பார்க்காமல் இருக்க முடியாது. வரப்போரத்தில் கிடக்கும். வேலிக் கருவையின் தூரில் சுற்றிக் கிடக்கும். பெரும்பாலும் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக இருக்கும். கண்ணை மூடியிருந்த வட்டச் செதில்கூடக் கிழியாமல் அந்தந்த இடத்தில் இருக்கும்.

இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் செய்தித்தாள், மூலையில் தண்ணீர்க் கிண்ணம், மேலே கம்பி வலை, சூட்டுக்கு ஒரு விளக்கு. அதற்குள் வளரும் பாம்பு சட்டை உரிக்கும்போது பல வேளை தோல் துண்டு துண்டாகவே வருகிறது. கழுத்தில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டு நிற்கும். கண் செதில் கழலாமல் தங்கிவிடும். வால் நுனியில் பழைய தோல் இறுகி, ரத்தம் ஓடாமல், நுனியே பட்டுப்போவதும் உண்டு.

காட்டில் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார் யாருமில்லை. வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அங்கே முழுதாக உரிகிற தோல், பக்கத்திலேயே தண்ணீர் இருக்கும் பெட்டிக்குள் ஏன் கிழிகிறது? பாம்பு இருக்கும் பெட்டிக்குள் உயிருள்ள செடியை நட்டால் இந்தக் கோளாறு குறைகிறது என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்களே, செடி அங்கே என்ன செய்கிறது?

தோலுக்கு அடியில் ஒரு வாரம்

பாம்பின் உடம்பு வளர்ந்தாலும் வெளித்தோல் வளராது. அது நகம், முடி இவற்றின் பொருளான கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற உறை. அதனால் குட்டிகள் சில வாரங்களுக்கு ஒரு முறையும், வளர்ந்தவை ஆண்டுக்குச் சில முறையும் அதைக் கழற்றியாக வேண்டும். பழைய உறைக்கு அடியில் புதிய உறை முழுதாக உருவான பிறகு, இரண்டுக்கும் நடுவே ஒரு நீர்மம் கசிந்து பரவுகிறது. அதிலுள்ள நொதிகள் இரண்டையும் பிணைத்த படலத்தைக் கரைக்கின்றன. அந்த நாட்களில் பாம்பின் நிறம் மங்கும், கண் நீலம் பூத்த பால் நிறமாகும். கண்ணுக்கு மேலும் ஒரு செதில் இருப்பதால் அங்கேயும் அதே நீர்மம் நிற்கிறது, அவ்வளவுதான். பார்வை மங்கிய பாம்பு ஒளிந்தே கிடக்கும், இரை எடுக்காது, தொட்டால் சீறும். பிறகு கண் தெளியும். தெளிந்த சில நாட்களில் உதட்டைக் கரடான ஒரு பொருளில் தேய்த்துத் தோலைப் பிளந்து, உட்புறம் வெளியே வரும்படி உருவிக்கொண்டு வெளியேறும்.

இந்த ஏற்பாடு முழுக்க அந்த மெல்லிய நீர்மத்தை நம்பி இருக்கிறது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் பழைய தோல் காய்ந்து விறைக்கிறது, நடுவில் உள்ள ஈரம் வற்றுகிறது, கழல வேண்டிய உறை புதிய தோலோடு ஒட்டிப்போகிறது. தண்ணீரைக் குடித்து மட்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. குடித்த நீர் உடம்புக்குள் போகும். தோலின் வெளிப்பக்கம் நனைவது சுற்றுப்புற ஈரத்தால்தான்.

வறட்சியைத் தாங்கப் பாம்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தோலுக்குள் கொழுப்புப் படலம் ஒன்று நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. ஆய்வகத்தில் அந்தக் கொழுப்பைக் கரைத்து நீக்கியதும் தோல் வழியே நீர் பல மடங்கு வேகமாக வெளியேறியது. சிறுநீரைக் கழிக்காமல், கழிவை யூரிக் அமிலமாக்கி வெள்ளைப் பசையாக வெளியேற்றி அதிலும் நீரை மிச்சம் பிடிக்கிறது. ஆனால் இவை எல்லாம் நீரை உள்ளே காக்கும் வழிகள். சட்டை உரிக்கும் வாரத்தில் வேண்டியது வெளி ஈரம். அதைப் பாம்பு தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது, போய்த்தான் தேட வேண்டும்.

பட்டாசுக்கு உகந்த காற்று

இந்தச் சீமையின் வறண்ட காற்றுக்குச் சிவகாசியே சாட்சி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். பிறகு பட்டாசும் அங்கேயே வேரூன்றியதற்கு மேற்கு மலையின் மழை மறைவும் வறண்ட காற்றும் பெரிய காரணம். மருந்து நமுத்தால் வெடி புஸ்ஸென்று போய்விடும். ஈரமில்லாத வெயிலும் காற்றும் அந்தத் தொழிலுக்கு இலவச மூலதனம்.

காற்றில் ஈரம் இல்லை என்று சொல்லும்போது நாம் இரண்டு விஷயங்களைக் கலந்து பேசிவிடுகிறோம். ஒன்று, காற்றில் உண்மையாகவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பது. இன்னொன்று, அந்தக் காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏந்த முடியும் என்பது. ஒரு டம்ளரில் பாதி நிற்கும் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினால் அடியில் ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் குறையவில்லை, பாத்திரம் பெருத்துவிட்டது. சூடாகும் காற்றும் அப்படித்தான் பெருக்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை ஏந்தும். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். ஏந்தக்கூடியதில் இப்போது எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். வானிலைச் செய்தியில் வரும் 'ஈரப்பதம் 40 விழுக்காடு' என்பது இதுவே. மிச்சமுள்ள 60 பங்கை நிரப்பக் காற்று எங்கிருந்தும் நீரை இழுக்கும். உலர்த்திய துணி, வற்றல், பட்டாசு மருந்து, பாம்பின் தோல் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

கண்ணாடிப் பெட்டியில் விளக்கைப் பொருத்துகிறவர் சூட்டைக் கூட்டுகிறார், நீரைக் கூட்டுவதில்லை. அந்த விளக்கு காற்றை மேலும் தாகமாக்கிவிடுகிறது.

கரிசல் வெடிப்பும் கரையான் புற்றும்

காட்டில் என்ன நடக்கிறது என்பதற்குத் தரையைப் பார்க்க வேண்டும். கரிசல் மண்ணின் களித்துகள்கள் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மாசி, பங்குனியில் பருத்திக் காடு பாளம் பாளமாக வெடிக்கும்போது சில பிளவுகள் ஒரு மீட்டர் ஆழம் வரைகூட இறங்கும். மேலே தரை கொதிக்கும் மதியத்தில் பிளவின் அடியில் வெப்பம் சில டிகிரி குறைவு, மண்ணில் போன மழையின் ஈரம் மிச்சம். குளிர்ந்த இடம் என்பதால் சிறிதளவு நீராவியே அந்தக் காற்றை நிறைத்துவிடுகிறது. எலி வளைகளும் இதே வேலையைச் செய்கின்றன.

புற்று இன்னும் ஒரு படி மேலே. பாம்பு புற்றைக் கட்டுவதில்லை. கட்டியது கரையான். நம் பக்கத்துப் புற்றுக் கரையான்களில் பல, உள்ளே பூஞ்சை வளர்த்து உண்பவை. அந்தப் பூஞ்சைத் தோட்டம் காய்ந்தால் கூட்டமே அழியும். அதனால் ஆழத்திலிருந்து ஈரமண்ணை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன, உள்ளிருக்கும் காற்று எப்போதும் ஏறக்குறைய நீராவி நிறைந்தே இருக்கிறது. கைவிட்ட பொந்து வழியாக நல்ல பாம்பும் சாரையும் நுழைவதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம். அங்கே முட்டையும் இடுகின்றன. பாம்பு முட்டையின் ஓடு தோல் மாதிரி மெத்தென்றது, மண்ணின் ஈரத்தை உறிஞ்சி வளரும். வறண்ட இடத்தில் அது ஒடுங்கிச் செத்துவிடும். புற்றில் ஊற்றும் பாலைப் பாம்பு குடிப்பதில்லை. ஆனால் வழிபடுவதற்கு நம் முன்னோர் தேர்ந்துகொண்ட இடம், இந்த வறண்ட நாட்டிலேயே பாம்புக்கு மிகத் தேவையான இடம் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஈரத்தை விடவும் தேர்வு. பாம்பு நாள் முழுவதும் ஈரத்தில் கிடப்பதில்லை. காலையில் வரப்பில் காயும், இரை தேடும், செரிக்கச் சூடான இடத்துக்கு நகரும், தோல் கழலும் நாட்களில் ஆழத்துக்கு இறங்கும். ஒரு சில அடி தூரத்துக்குள் சூடும் குளிர்ச்சியும், காய்ந்ததும் நனைந்ததும் அடுத்தடுத்து இருக்கின்றன. காகிதம் விரித்த கண்ணாடிப் பெட்டியிலோ எல்லா மூலையும் ஒரே மூலை.

வடநெம்மேலிப் பானை

தமிழ்நாட்டில் பாம்புகளை அடைத்து வைத்துத் திருப்பி விடுவதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருளர்கள். பாம்பியல் வல்லுநர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை ஒட்டி இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, நஞ்சு எடுத்து, சுமார் மூன்று வாரத்தில் காட்டில் விடுகிறார்கள். நாடெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு மூலப்பொருள் அந்த நஞ்சு.

அங்கே பாம்பின் வீடு ஒரு மண்பானை. வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். இருட்டு, நெருக்கமான சுவர், காற்று போகும் துணி, ஓரளவு வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்று விடும் சுட்ட மண். பொந்துக்குள் இருப்பதாக உணரப் பாம்புக்கு அது போதும். ஆனால் பானையின் நன்மை அந்த மூன்று வாரத்துக்குத்தான். ஆண்டுக்கணக்கில் ஒரு பாம்பை வைத்திருக்கிறவர் பொந்தை மட்டும் கொடுத்தால் ஆகாது, காட்டையும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

யார் வளர்க்கலாம்?

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. சாரையானாலும், பச்சைப் பாம்பானாலும், மூடநம்பிக்கையால் லட்சக்கணக்கில் விலை பேசப்படும் மண்ணுளியானாலும் பிடிப்பதே குற்றம், சிறைத் தண்டனை உண்டு. 2022இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவரும் மலைப்பாம்புக் குட்டிகளைச் சுங்கத்துறை மீண்டும் மீண்டும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி வந்ததை வாங்குவதும் குற்றமே.

சட்டம் எதற்கு என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சாட்சி. வளர்ப்புக்காகக் கொண்டுபோன பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, முயல், கீரிப்பிள்ளை அளவுள்ள விலங்குகளைத் துடைத்தெடுத்தன. 2017இல் அவற்றைப் பிடிக்க நம் இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். எட்டே நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. காட்டுப் பாம்பைப் படிக்கும் அறிவு எந்தக் கருவிக்கும் குறைந்ததில்லை என்று உலகம் ஒத்துக்கொண்ட நாட்களில் அது ஒன்று.

ஒரு பெட்டியின் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். சிவகாசியில் ஒரு வீட்டில், முறைப்படி பதிவு செய்த பந்து மலைப்பாம்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் 'பால் பைத்தான்' என்பது இதைத்தான். பயந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தது. அங்கே அதுவும் எலி வளையிலும் கரையான் புற்றிலும்தான் பகலைக் கழிக்கிறது. அதற்குச் சாதாரண நாளில் 50 முதல் 60 விழுக்காடும், சட்டை உரிக்கும் நாட்களில் அதற்கு மேலும் ஈரப்பதம் வேண்டும். நாம் 65 என்று வைப்போம்.

பெட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். உள்ளே சுமார் 450 லிட்டர் காற்று. வைகாசி மாதம். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு. அப்படியானால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 14 கிராம் நீராவி இருக்கிறது. தரைத்தள அறைக்குள் அதே காற்று 32 டிகிரிக்குக் குளிர்கிறது. 32 டிகிரியில் 34 கிராம் ஏந்தலாம், இருப்பது 14. ஆக அறையின் ஈரப்பதம் 41 விழுக்காடு.

பெட்டிக்குள் உள்ள காற்று கன மீட்டரில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதில் இருக்கும் நீராவி ஆறு கிராம் சொச்சம். 65 விழுக்காட்டுக்கு வேண்டியது பத்து கிராம். குறைவது நாலே கிராம்! ஒரு தேக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் நம்ப மாட்டார். இவ்வளவு சின்ன விஷயமா என்று ஸ்பிரே பாட்டிலை எடுத்து நாலு தடவை அடித்துவிட்டு வருவார். மீட்டரில் முள் ஏறும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழைய இடத்தில் இருக்கும்.

காரணம், பெட்டி மூடிய பாத்திரம் இல்லை. பாம்பு மூச்சுவிடக் காற்று மாறியாக வேண்டும். இடுக்கு வழியாக மணிக்கு இரண்டு முறை பெட்டியின் காற்று முழுதும் மாறுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு தடவையும் அந்த நாலு கிராம் வெளியே போகிறது. மணிக்கு ஏழெட்டு கிராம், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர். மேல்பக்கம் முழுக்க வலையாக இருந்து காற்று மணிக்குப் பத்து முறை மாறினால் நாளுக்கு 900 மில்லி. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வலையின் முக்கால் பங்கைக் கண்ணாடியாலோ அக்ரிலிக் பலகையாலோ மூடுகிறார்கள்.

ஆக, கேள்வி இப்படி மாறுகிறது: ஒரு டம்ளர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிக் குளமாக்காமல், 24 மணி நேரமும் மெல்ல மெல்லக் காற்றில் விடுவது எப்படி? ஸ்பிரேயால் முடியாது. கிண்ணத்தின் மேற்பரப்பு சிறியது, அதனாலும் முடியாது. ஈரமண்ணும் செடியும் இதைச் செய்யும்.

பெட்டியின் அடியில் ஓட்டுச் சில்லு ஒரு விரற்கடை ஆழத்துக்கு, மிச்ச நீர் தேங்க. அதன் மேல் நைலான் வலை. அதற்கு மேல் செம்மண், ஆற்று மணல், உப்பு கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் கலந்து அரையடி. மேலே காய்ந்த இலைகள். கரிசல் மண் வேண்டாம். தண்ணீர் பட்டால் இறுகி வேருக்குக் காற்று விடாது. இந்த அடுக்கில் ஊற்றும் நீர் கீழே இறங்கிவிடும். மேல்மண் காய்ந்தே இருக்கும், பாம்பின் வயிறு நனையாது. கீழே இருக்கும் நீரை வேர் உறிஞ்சி, தண்டு வழியே ஏற்றி, இலையின் நுண்துளைகள் வழியே ஆவியாக விடுகிறது. பள்ளிப் பாடத்தில் நீராவிப்போக்கு என்று படித்தோமே, அது. ஈரம் ஓரிடத்தில், ஆவி வேறிடத்தில். தரை நனையாமல் காற்று மட்டும் நனைவது இப்படித்தான்.

எவ்வளவு விடுகிறது என்று அறிய ஆய்வகம் வேண்டாம். தொட்டிச் செடியைக் காலையில் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணீர். உங்கள் பெட்டிக்கு வேண்டிய ஒரு டம்ளரை எத்தனை தொட்டி தரும் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். செடி வைப்பதை அழகுக்காக என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

இதோடு ஒரு மூலையில் வாய் சிறுத்த மண்சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே ஈரமான நார்க்கழிவு நிரப்பி வையுங்கள். அந்தச் சின்ன இடத்தில் காற்று ஏறக்குறைய நிறைந்திருக்கும். நனைந்த சட்டிச் சுவரில் நீர் ஆவியாவதால் வெப்பமும் சில டிகிரி இறங்கும். அறையே 32 டிகிரி காயும் மாதத்தில் விளக்கை அணைத்துவிட்டு இந்தக் குளிர்ந்த மூலையைக் காப்பாற்றுவது முக்கியம். பெட்டி 35 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால் உயிருக்கே ஆபத்து. எதிர்மூலையை வறட்சியாகவே விடுங்கள். பாம்பு எங்கே கிடக்கிறது என்பதைப் பாம்பு முடிவு செய்யட்டும். கண் மங்கிய நாட்களில் சட்டிக்குள் போகும். உரிந்த மறுநாள் வெளியே வந்து காய்ந்த இலைமேல் கிடக்கும்.

எந்தச் செடி தாங்கும்?

ஒன்றரைக் கிலோ எடையுள்ள பாம்பு இரவெல்லாம் ஏறி இறங்கும். மென்மையான தண்டு எதுவும் ஒரு வாரம் நிற்காது. மணி பிளான்ட் ஒடிந்த இடத்திலிருந்தே வேர்விடும், குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். அதன் சாறு நம் நாக்கில் பட்டால் அரிக்கும், பாம்பு இலை தின்னாது என்பதால் கவலையில்லை. ஆனால் உரம், பூச்சிமருந்து அடித்த நர்சரிச் செடி பெட்டிக்குள் இருக்கும் உயிர்களுக்கு நஞ்சு. வாங்கி வந்த செடியை மண் மாற்றி, சில வாரம் வெளியே வைத்த பிறகே உள்ளே நட வேண்டும்.

என் தேர்வு மருள். மலையடிவாரத்திலும் வேலியோரத்திலும் தானாக வளரும் நார்ச்செடி, அதன் நாரில் கயிறு திரித்த காலம் உண்டு. இலை தடித்தது, பாம்பு சாய்ந்தாலும் நிமிரும், விளிம்பு தோலைத் தேய்த்துப் பிளக்கத் தோதானது. வறண்ட நாட்டில் பிழைக்க இந்த இனச் செடிகளுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு: பகலில் நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். விடும் நீராவி குறைவுதான். ஆனால் அது வெளிவருவது பந்து மலைப்பாம்பு விழித்து உலாவும் நேரத்தில். மணி பிளான்ட் பகலுக்கு, மருள் இரவுக்கு என்று இரண்டையும் நடலாம்.

சிவகாசியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் திருவில்லிபுத்தூர் மலை 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். அங்கிருந்து பாசியும் பெரணியும் பறித்து வர யாரும் போகக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மண்ணுக்குள்ளேயே வாழும் கேடயவால் பாம்புகள் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றின் கூரை அந்தப் பாசியும் சருகும்தான்.

எச்சமும் வெடியுப்பும்

மண்ணில் பாம்பு கழிக்கும் வெள்ளைப் பசை என்ன ஆகிறது? பெரும்பகுதியைக் கரண்டியால் அள்ளிவிட வேண்டும். எஞ்சியதை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. யூரிக் அமிலம் முதலில் அம்மோனியா ஆகிறது, அந்தக் காரமான நெடி நமக்குத் தெரியும். பிறகு ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உரம்.

சிவகாசிக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. பொட்டாசியம் நைட்ரேட்தான் வெடியுப்பு, கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு அதுவே, மீதி கரித்தூளும் கந்தகமும். ரசாயன ஆலைகள் வருவதற்கு முன் அந்த உப்பு மண்ணிலிருந்துதான் வந்தது. பீகாரில் நோனியா சாதியினர் மாட்டுத் தொழுவத்தையும் ஊர்ச்சுவர்களையும் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஐரோப்பியப் போர்களுக்கு ஏற்றியது. அந்த மண்ணில் சாணத்தையும் மூத்திரத்தையும் உப்பாக்கிய பாக்டீரியாக் கூட்டம்தான் பாம்புப் பெட்டியின் மண்ணிலும் வேலை செய்கிறது. பட்டாசில் எதை எரிக்கிறோமோ அதைச் செடி சத்தமில்லாமல் இலையாக்குகிறது.

பூஞ்சாளம் பிடிக்காமல் இருக்க இரண்டு சிறு உயிர்கள் உதவும். ஒன்று, எள்ளைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சி, வயிற்றடியில் மடங்கிய வால் விரிந்ததும் எகிறும். அதைக் குதிவால் என்று அழைக்கலாம். இன்னொன்று ஈரக் கல்லைப் புரட்டினால் ஓடும் சாம்பல் நிற உயிர். பூச்சியாகத் தெரிந்தாலும் இறால், நண்டு வகையறா, தரைக்கு ஏறி வந்தது. இரண்டும் பூஞ்சாளத்தையும் மட்கிய இலையையும் தின்று மண்ணைப் புரட்டுகின்றன. ஒரு பெரிய பாம்பின் மொத்தக் கழிவையும் இவை சமாளித்துவிடும் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். பெட்டி சிறியது, கழிவு பெரியது. கையால் அள்ளுவதற்கு மாற்று எதுவும் இல்லை.

ஐப்பசியில் அதே பெட்டி

இப்போது நாட்காட்டியைத் திருப்புங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. அறை 27 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு. ஒரு கன மீட்டர் காற்றில் 22 கிராம் நீராவி. இந்தக் காற்று பெட்டியின் சூடான பக்கத்தில் 32 டிகிரிக்கு ஏறும்போது, 34 கிராமில் 22, அதாவது 65 விழுக்காடு. நாம் வைகாசியில் ஒரு டம்ளர் தண்ணீர் செலவழித்து எட்டிய அதே எண், ஒரு சொட்டும் ஊற்றாமல் கிடைத்துவிட்டது!

செடியோ அப்போதும் ஆவி விட்டுக்கொண்டேயிருக்கும். குளிர்ந்த பக்கத்தில் கண்ணாடியில் நீர் கோத்து வழியும், மேல்மண் நனையும். பாம்பின் வயிற்றுச் செதில்கள் நாள்பட ஈரத்தில் அழுந்தினால் கொப்புளம் கண்டு, கிருமி புகுந்து புண்ணாகும். மூச்சில் சளி ஒலி கேட்கும். வைகாசியில் வறட்சியால் சட்டை கிழிந்ததென்றால் ஐப்பசியில் ஈரத்தால் வயிறு புண்ணாகிறது. நான் பார்த்தவரை செடி நட்ட பெட்டிகளில் பாம்பு நோவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். ஈரம் நல்லது என்று ஒரு முறை கற்றுக்கொண்டவர்கள் ஆண்டு முழுவதும் அதே அளவு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மழை பிடித்ததும் வலையை மூடிய பலகையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரை நிறுத்த வேண்டும். ஓட்டுச் சில்லு அடுக்கில் தேங்கிய நீரைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். வைகாசியில் அணைத்த விளக்கை இப்போது ஏற்றலாம். மணி பிளான்ட்டில் பாதியைக் கத்தரித்து வெளியே வைக்கலாம். மருளை விட்டுவிடலாம், அது தண்ணீர் இல்லாமல் ஒரு மாதம் தாங்கும். சாய்த்து வைத்த மண்சட்டிக்குள் காய்ந்த நார்க்கழிவை மாற்றி நிரப்பி, சட்டை உரிக்கும் வாரம் வந்தால் மட்டும் நனைத்தால் போதும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றுக்கு இரண்டாக, சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக மாட்டுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிற நாளில் பெட்டிக்குள் பாம்பு தேர்ந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை என்று பொருள். அன்றைக்கு முதல் வேலையாகப் பலகையையோ தண்ணீரையோ விளக்கையோ மாற்றியாக வேண்டும்.